எவர் வாசலில் எத்தனை பேர்?

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை மார்க்கமாகத் திருப்பதிக்குப் போகிற யாத்ரிகர்கள், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சிவபெருமானைத் தரிசித்துவிட்டுப் புறப்பட்டார்களானால், எங்கள் நாகலாபுரத்தைக் கடந்துதான் பிச்சாட்டூருக்கும் நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் போயாக வேண்டும். விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் நினைவாகப் பெயரிட்ட ஊர் இது என்பதும், அவர் திருப்பணி செய்த வேதநாராயண சுவாமி ஆலயத்தில் மகாவிஷ்ணு மத்ஸ்ய மூர்த்தியாக எழுந்தருளியிருக்கிறார் என்பதும், மேற்கு நோக்கிய அந்தச் சந்நிதியில் மார்ச் மாதத்தில் மூன்று மாலைகள் அஸ்தமன சூரியனின் கிரணங்கள் உள்ளே புகுந்து முதல் நாள் திருவடியிலும் இரண்டாம் நாள் திருமேனியின் நடுவிலும் மூன்றாம் நாள் சிரசிலும் படிகின்றன என்பதும் தெரிந்த சிலர் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். தெரியாத பலர், ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே போய்விடுகிறார்கள்.

அவர்கள் போய்ச் சேருகிற திருமலையிலோ, சாதாரண நாட்களிலேயே 60,000 முதல் 80,000 பேர் வரை சுவாமி தரிசனம் செய்கிறார்கள். இந்தத் தொகையை நாம் யூகிக்க வேண்டியதில்லை. முதல் நாள் எத்தனை பேர் தரிசித்தார்கள், எத்தனை பேர் முடிகாணிக்கை செலுத்தினார்கள், உண்டியலில் எவ்வளவு விழுந்தது என்ற மூன்று கணக்குகளையும் தேவஸ்தானத்தார் நாள்தோறும் பிரசுரம் செய்கிறார்கள். நாகலாபுரத்து ஆலயமும் அதே தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது, மூர்த்தியும் அந்த நாராயணனே, பாதையும் ஒன்றே. ஆயினும் அங்கே ஒரு நாள் வருகிற கூட்டத்தை இங்கே காண்பதற்கு எத்தனை மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பவனுக்கு, மனிதரின் கவனம் என்பது எந்த நியதிப்படி ஓரிடத்தில் குவிந்து மற்றோரிடத்தில் சிதறுகிறது என்ற கேள்வி எழாமல் இராது. இக்கேள்வியை இணையத்தில் எழுதுவோரை முன்னிட்டு எழுப்பி, அதற்கு எண்களால் விடை தேடிய ஆராய்ச்சி ஒன்று கடந்த இருபதாண்டுகளில் வளர்ந்திருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களும் தங்களை அறியாமலே அதற்கு ஒரு சோதனைக் களமாக இருந்திருக்கிறார்கள் என்பதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

பத்திரிகாசிரியரின் தயவையோ பதிப்பாளரின் மூலதனத்தையோ எதிர்பாராமல், எவரும் தாம் எழுதியதைத் தாமே பிரசுரித்துக்கொள்ளலாம் என்ற வசதியை ‘பிளாக்கர்’ போன்ற இலவசச் சேவைகள் 1999 முதல் உலகுக்கு அளித்தன. ஒருங்குறி எழுத்துமுறையும் அதில் தட்டச்சு செய்ய இ-கலப்பை போன்ற மென்பொருள்களும் வந்து சேர்ந்த பிறகு, 2003-ஆம் ஆண்டையொட்டித் தமிழில் வலைப்பதிவுகள் துளிர்த்தன. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பொறியாளர்கள், புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கணினியோடு பழகியவர்கள், பின்னர் சிற்றூர்களில் இருந்த ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் என்று எழுத வந்தவர்களின் வரிசை நீண்டது. எழுதுவதற்குத் தடை நீங்கிவிட்டபடியால் இனி வாசகர்களும் எல்லோருக்கும் சமமாகவோ, சமத்துக்கு அண்மையிலோ கிடைப்பார்கள் என்ற நம்பிக்கை அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. அது அறிவுக்குப் பொருந்தாத நம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. வாசல் திறந்தால் கூட்டம் பரவும் என்று நினைப்பது மனித சுபாவமே.

ஆனால் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே இதற்கு நேர்மாறான ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டியிருந்தார். தகவல் எதைத் தின்று வளர்கிறது என்று பார்த்தால், அது படிப்பவருடைய கவனத்தையே தின்கிறது. ஆதலால் தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் ஏற்படும் என்பது அவருடைய வாதம். எழுதுவோர் ஆயிரமாயினும் லட்சமாயினும் படிப்பவனுக்கு ஒரு நாளில் இருப்பது அதே இருபத்துநான்கு மணி நேரம்தான் என்னும்போது, அந்த நேரம் எவரெவருக்கு எவ்வளவு என்று பங்கிடப்படுகிறது என்பதே பிரதானமான விசாரணையாகிவிடுகிறது.

அளப்பது எப்படி என்பதில்தான் முதல் சிக்கல். பழைய வலைப்பதிவுகளின் அடியில் ஏழு இலக்கங்கள் கொண்ட ஒரு சிறு எண்மானி இருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். முன்னால் நாலைந்து சூனியங்களும் பின்னால் இரண்டு மூன்று மெய்யான எண்களுமாக அது காட்சியளிக்கும். அந்த எண்ணில் கணிசமான பகுதி, எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பதிவர் தாமே தம் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்ததால் வந்தது. ‘ஹிட்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லப்பட்ட கணக்கோ இன்னும் விபரீதமானது: ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், அதை ஒருவர் ஒரு முறை திறந்தவுடன் வழங்கியின் குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒன்றும் படங்களுக்குப் பத்துமாகப் பதினோரு கோரிக்கைகள் பதிவாகிவிடும். போதாக்குறைக்கு, தேடுபொறிகள் அனுப்புகிற தானியங்கி நிரல்களும் மனிதரைப் போலவே வந்து போகின்றன. மறுபுறம், ‘கூகுள் ரீடர்’ போன்ற ஓடை வாசிப்பான்களின் வழியே, பதிவின் பக்கத்துக்கு வராமலே முழுவதையும் படித்துவிட்டுப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எனவே ஒரே பதிவுக்கு வாசகர் எத்தனை பேர் என்று மூன்று கருவிகளைக் கேட்டால் மூன்று விடைகள் வரும்.

இந்தக் குழப்பத்தினின்று தப்புவதற்காக, வந்து போனவர்களை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பதிவைச் சுட்டி எத்தனை பதிவுகள் தொடுப்புக் கொடுத்திருக்கின்றன என்று எண்ணுவதே மேல் என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். வந்து எட்டிப் பார்ப்பது எளிது. தம் பக்கத்தில் மற்றவருடைய பெயரை எழுதிச் சுட்டி கொடுப்பதற்குச் சற்றேனும் மனம் வேண்டும். திருமலைக் கணக்கில் தரிசனம் செய்தவர்களின் தொகை ஒன்றாகவும் முடிகாணிக்கை செலுத்தியவர்களின் தொகை வேறாகவும் இருப்பது போன்றதே இந்த வித்தியாசம். இரண்டும் உண்மையே, ஆனால் இரண்டும் ஒன்றையே அளப்பவை அல்ல. டேவிட் சிஃப்ரி என்பவர் 2002-இல் தொடங்கிய டெக்னோரட்டி, ஒரு பதிவுக்குக் கடந்த ஆறு மாதங்களில் எத்தனை வெவ்வேறு பதிவுகள் தொடுப்புக் கொடுத்தன என்பதையே அதன் ‘அதிகாரம்’ என்று கணித்து வரிசைப்படுத்தியது. அதற்கு முன்பே, 1998-இல், கூகுளின் ஸ்தாபகர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும், செல்வாக்குள்ள பக்கம் ஒன்று கொடுக்கிற சுட்டிக்கு மற்றதைவிட அதிக மதிப்பு உண்டு என்று வைத்துத் தங்கள் தேடுபொறியின் கணிதத்தை அமைத்திருந்தார்கள்.

இவ்விதம் எண்ணியபோது கண்டது என்ன? அமெரிக்க எழுத்தாளர் க்ளே ஷர்க்கி 2003 பிப்ரவரியில் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் மிகுந்த பிரசித்தி பெற்றது. 433 வலைப்பதிவுகளுக்கு வந்த தொடுப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு பதிவுகளுக்கு மட்டும் மொத்தத் தொடுப்புகளில் 5 விழுக்காடு போயிருந்தது. முதல் பன்னிரண்டு பதிவுகள், அதாவது எண்ணிக்கையில் 3 விழுக்காட்டுக்கும் குறைவானவை, 20 விழுக்காட்டைப் பெற்றிருந்தன. முதல் ஐம்பது பதிவுகளுக்கே சரிபாதி போய்விட, மிச்சமிருந்த 383 பதிவுகளும் மறுபாதியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. இதில் எவரும் எவரையும் தடுக்கவில்லை. சதி ஒன்றும் இல்லை. எழுதிய ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததற்குச் சுதந்திரமாகவே தொடுப்புக் கொடுத்தார்கள். சுதந்திரமும் பன்மையும் சேர்ந்த இடத்தில் ஏற்றத்தாழ்வு தானாகவே விளைகிறது என்பதே ஷர்க்கி சொன்ன செய்தி.

இத்தகைய பங்கீட்டைக் கணித நூலார் ‘அடுக்கு விதி’ என்று அழைக்கிறார்கள். அதன் சுபாவம் நமக்குப் பழக்கமான சராசரிக் கணக்குகளுக்கு முற்றிலும் மாறானது. ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். நூறு பதிவுகள் இருக்கின்றன. முதலிடத்துப் பதிவுக்கு 1,000 வாசகர்கள், இரண்டாவதற்கு அதில் பாதியாகிய 500 பேர், மூன்றாவதற்கு மூன்றில் ஒரு பங்காகிய 333 பேர், பத்தாவதற்கு 100 பேர், நூறாவதற்குப் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 5,187 வருகிறது. நூறால் வகுத்தால் சராசரி 52. ஆனால் அந்த 52 வாசகர்களைப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் முதல் பத்தொன்பது பேர்தான். எஞ்சிய எண்பத்தொருவரும் ‘சராசரிக்குக் கீழே’ நிற்கிறார்கள்! வரிசையின் நட்டநடுவில் இருப்பவருக்கு வாசகர்கள் இருபது பேரே. முதல் பத்துப் பேர் மொத்தத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டுவிட, கடைசி ஐம்பது பேருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பது நூற்றுக்குப் பதின்மூன்று. ஓர் ஊர் மக்களின் உயரத்தைச் சராசரி கண்டால், பெரும்பாலோர் அந்தச் சராசரியை ஒட்டியே நிற்பார்கள். வாசகர் தொகையில் அவ்விதம் இல்லை. ஆகவே ‘சராசரி வலைப்பதிவுக்கு இத்தனை வாசகர்’ என்று எவரேனும் சொன்னால், அப்படிப்பட்ட வலைப்பதிவு ஒன்று இருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

செல்வப் பங்கீட்டில் இந்த வடிவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியரான வில்பிரெடோ பரேட்டோ கண்டிருந்தார். ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணாகச் சொல்வதற்கு 1912-இல் கொராடோ ஜினி வகுத்த கெழு, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓடுகிறது: எல்லோருக்கும் சமமாயின் பூஜ்யம், ஒருவருக்கே எல்லாமும் ஆயின் ஒன்று. நிலத்துக்கும் வருமானத்துக்கும் உண்டான இந்தக் கோல்களை எடுத்துத்தான் கவனத்தையும் அளக்கிறார்கள். வலைப்பதிவுகளின் பங்கீடு துல்லியமான அடுக்கு விதிதானா என்பதில் பின்னர் அபிப்பிராய பேதம் எழுந்தது. டேனியல் டிரெஸ்னர், ஹென்றி ஃபேரல் என்ற இரு அரசியல் அறிஞர்கள், அது அடுக்கு விதியைவிட மடக்கை இயல்நிலை என்ற வேறொரு வடிவத்துக்கே அணுக்கமானது என்று காட்டினார்கள். சாமானிய வாசகருக்கு இந்தச் சர்ச்சையின் பயன் ஒன்று உண்டு: பின்னதே சரியென்றால், நடுவில் இருப்பவர்களின் நிலை நாம் அஞ்சிய அளவுக்கு மோசமில்லை.

இனி, ஏன் இப்படி ஆகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி, ரேக்கா ஆல்பர்ட் என்ற இரு பௌதிக அறிஞர்கள் 1999-இல் கொடுத்த விளக்கம் மிகவும் எளிமையானது. புதிதாக வருகிற ஒருவர் எதற்குத் தொடுப்புக் கொடுக்கலாம் என்று பார்க்கும்போது, ஏற்கெனவே அதிகத் தொடுப்புப் பெற்றதுதான் அவர் கண்ணில் படுகிறது. அதற்கே அவரும் கொடுக்கிறார். அதனால் அது அடுத்தவரின் கண்ணில் இன்னும் எளிதாகப் படுகிறது. முந்தி வந்ததும் தற்செயலாகச் சற்று முன்னேறியதும் மேலும் மேலும் பெருகுவதற்கு இதுவே போதும். குணதோஷ விசாரணையே வேண்டியதில்லை.

அப்படியானால் குணத்துக்கு மதிப்பே இல்லையா? இதைப் பரீட்சித்துப் பார்க்க மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் நடத்திய சோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தது. பிரபலமாகாத குழுக்கள் பாடிய 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,341 பேரைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தத்தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் பக்கத்தில் காட்டினார்கள். எண்ணைக் காட்டிய உலகங்களில் ஏற்றத்தாழ்வு மிகுந்தது. அதோடு, ஓர் உலகத்தில் உச்சிக்கு ஏறிய பாட்டு மற்றோர் உலகத்தில் நடுவிலோ அதற்கும் கீழோ கிடந்தது. மிக நல்ல பாட்டு படுதோல்வி அடைவதும் மிக மட்டமானது வாகை சூடுவதும் அபூர்வம். இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம் என்று ஏற்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து வெளியான ஒரு தொடர் சோதனையில், எண்களைத் தலைகீழாக மாற்றிப் பொய்யாகக் காட்டியபோது, பல பாட்டுகளுக்கு அந்தப் பொய்யே பலித்துவிட்டது. கவனத்தை அளந்து பகிரங்கமாகக் காட்டுகிற கருவி, கவனத்தை வெறுமனே அளப்பதில்லை, அதைத் திருப்பியும் விடுகிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் வேண்டியதில்லை.

தமிழர்களாகிய நாம் இதை ஆய்வுக்கூடத்தில் அல்லாமல் வாழ்க்கையிலேயே கண்டோம். காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ என்ற திரட்டி, தமிழில் எழுதுகிற வலைப்பதிவுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் கூட்டிக் காட்டியது. ஒருவர் இடுகை எழுதி அதைத் திரட்டிக்கு அனுப்பினால், தலைப்பும் பெயரும் முதல் சில வரிகளும் முகப்பில் வரும். அடுத்தவர் எழுத எழுத அது கீழே இறங்கி மறைந்துவிடும். புகழ் பெற்றவரானாலும் அன்றுதான் எழுதத் தொடங்கியவரானாலும் முகப்பில் தங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வாரம் ஒருவரை ‘நட்சத்திரம்’ என்று தேர்ந்தெடுத்து முகப்பில் நிறுத்துகிற வழக்கமும் இருந்தது. அதனால் பலரறியாத பதிவருக்கும் ஏழு நாட்கள் ஊரறிந்த பிரமுகரின் அந்தஸ்து கிடைத்தது. கவனத்தை ஓரளவேனும் பரவலாக்குவதற்குத் தமிழில் செய்யப்பட்ட காரியங்களில் இதை மிகச் சிறந்ததாகவே நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே முகப்பில், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளின் பட்டியலும் இருந்தது. எந்த இடத்தில் விவாதம் சூடாக நடக்கிறது என்று வாசகர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வைத்த பட்டியல் அது. புதிதாக ஒரு மறுமொழி விழுந்தால் இடுகை மீண்டும் பட்டியலின் உச்சிக்கு வரும் என்ற ரகசியம் தெரிந்த உடனே, பதிவர்கள் தமக்கு வந்த பத்து மறுமொழிகளுக்கும் ஒரே பதிலில் நன்றி சொல்லாமல், பத்துத் தனித்தனிப் பதில்களாக இடைவெளி விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். இதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பதிவுலகமே பெயர் வைத்தது. செய்தவர்களே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நண்பர்கள் நாலைந்து பேர் ஓர் இடுகையில் கூடி, இடுகைக்குச் சம்பந்தமில்லாமல் ஐம்பது நூறு மறுமொழிகள் போட்டுக் களிப்பதற்குக் ‘கும்மி’ என்று பெயர். ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்று முதல் மறுமொழி இடுவதற்காகவே சிலர் விழித்திருந்தார்கள். உள்ளே சரக்கில்லாத ‘மொக்கை’ இடுகை நூறு மறுமொழி பெற்று உச்சியில் நிற்க, கல்வெட்டைப் பற்றியோ கத்திரிக்காய்ச் சாகுபடியைப் பற்றியோ கஷ்டப்பட்டு எழுதியவரின் இடுகை மறுமொழி ஒன்றுமின்றி மறைந்து போகும். அவருடைய எழுத்தைப் படித்தவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஆனால் படித்துத் தெளிந்தவன் பெரும்பாலும் மறுமொழி எழுதுவதில்லை, சண்டைக்கு வந்தவனே எழுதுகிறான். எண்ணப்பட்டது மறுமொழி, எண்ணியதாக நினைத்துக்கொண்டது வாசிப்பை.

பிறகு வாக்குப் பட்டை வந்தது. இடுகையின் தலையிலோ காலிலோ தமிழ்மணத்தின் பட்டையை வார்ப்புருவில் செருகிவைத்தால், வாசகர் அதில் ஆதரவு வாக்கு அளிக்கலாம். வேண்டிய அளவு வாக்குப் பெற்ற இடுகை ‘வாசகர் பரிந்துரை’யில் இடம்பெறும். இதன் விளைவை அக்காலத்துப் பதிவுகளின் மறுமொழிப் பகுதிகளில் இன்றும் காணலாம். ‘அருமையான பகிர்வு, த.ம. 3’ என்பது போன்ற வாக்கியங்கள் வரிசையாக நிற்கும். த.ம. என்றால் தமிழ்மணம்; மூன்றாவது வாக்கு நான் போட்டேன் என்பது அதன் பொருள்; நாளை என் பதிவுக்கு நீங்கள் வந்து நாலாவதைப் போட வேண்டும் என்பது சொல்லாமல் விட்ட பொருள். கல்யாண மொய்யைப் போல இது ஒரு நேர்மையான கொடுக்கல் வாங்கல்தான். அதில் அன்பும் இருந்தது, நட்பும் இருந்தது, வாசிப்பு மட்டும் கட்டாயமாக இருக்கவில்லை. தமிழ்மணம் தரவரிசை எண்ணைத் தம் பக்கத்தின் நெற்றியில் ஒட்டிக்கொள்வதும், அது இறங்கினால் வருந்துவதும் சகஜமாயின. ‘தமிழிஷ்’ என்று தொடங்கிப் பின் ‘இன்ட்லி’யாகப் பெயர் மாறிய தளம் முழுக்க முழுக்க வாக்கையே அஸ்திவாரமாகக் கொண்டிருந்தது, அங்கும் கதை வேறல்ல. திரட்டியை நடத்தியவர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள் அவர்கள். விதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆனால் எந்த எண்ணைப் பட்டியலாக்கினாலும், அந்த எண்ணை உண்டாக்குகிற தொழில் ஒன்று அடுத்த வாரமே தொடங்கிவிடும் என்ற நியதியை எந்தத் தன்னார்வலரால் மாற்ற முடியும்?

2010-க்குப் பிறகு ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் தமிழ் எழுத்தாளர்களையும் வாசகர்களையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டன. அங்கே எந்த இடுகை எவர் கண்ணில் பட வேண்டும் என்பதைக் கம்பெனியின் கணிதமே தீர்மானிக்கிறது. தமிழ்மணத்தின் பட்டியல் எந்த விதிப்படி அமைந்தது என்பது பதிவர் அனைவருக்கும் தெரியும், தெரிந்ததனாலேயே ஏமாற்றவும் முடிந்தது. இன்றைய பட்டியலின் விதி வெளியே இருக்கும் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், ஏமாற்றுவோர் சிலர் இருந்தாலும் விதி பகிரங்கமாக இருந்த காலமே மேல் என்பேன். விக்கிப்பீடியா இவ்விஷயத்தில் இன்றும் முன்மாதிரியாக இருக்கிறது: எந்த மொழியில் எந்தக் கட்டுரை எந்த நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கை எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆர்வமுள்ள பள்ளி மாணவர் ஒருவர் பத்துக் கோயில்களைப் பற்றிய கட்டுரைகளின் கணக்கை எடுத்து, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எழுதிப் பார்த்தால், நான் மேலே சொன்ன வடிவத்தைத் தம் கண்ணாலேயே காணலாம்.

வரிசையின் வாலில் இருப்பவர்களுக்கு என்றைக்கும் விமோசனம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது இரண்டு மூன்று வழிகளில்தான் வருகிறது. ஒன்று, காலம் சார்ந்தது. சூரிய கிரணங்கள் சந்நிதிக்குள் புகும் அந்த மூன்று மாலைகளில் நாகலாபுரத்து வீதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. மழை, தேர்தல், ஒரு பெரியவரின் மரணம் என்று ஏதோ ஒன்று நேரும்போது, அதைப் பற்றி என்றோ எழுதிவைத்த சிறு பதிவுக்கும் அவ்விதமே திடீரென்று ஆயிரம் பேர் வருகிறார்கள், பின் போய்விடுகிறார்கள். மற்றொன்று, பெரிய இடத்தினின்று வருகிற தொடுப்பு. திருப்பதி யாத்திரையில் இந்த ஊரையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துச் சொல்லுகிற வண்டியோட்டி, தெரிந்தோ தெரியாமலோ அந்தக் காரியத்தைத்தான் செய்கிறார்.

மூன்றாவது வழி சற்று வேடிக்கையானது. எங்கள் ஊரை அடுத்த நாகலாபுரம் மலைகளில் அருவிகளும் நீர்ச்சுனைகளும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்ப்பவர்களுக்கும் விறகு பொறுக்குபவர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த அந்த இடங்களுக்குச் சென்னையிலிருந்து மலையேற்றக் குழுவினர் வந்து போய், நடந்த வழியையும் குளித்த சுனையையும் படங்களோடு இணையத்தில் எழுதினார்கள். விளைவாக, இன்று சென்னையின் கணினிக் கம்பெனிகளில் பணியாற்றும் இளைஞர்களில் பலருக்கு ‘நாகலா’ என்றால் அருவி. கிருஷ்ணதேவராயரையும் வேதநாராயணரையும் அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஐந்நூறு ஆண்டுக் கோபுரத்துக்குக் கிடைக்காத கவனம் சில பக்கங்களால் சுனைக்குக் கிடைத்துவிட்டது. கூட்டத்தோடு பிளாஸ்டிக் குப்பையும் கூடவே வந்தது; கவனம் என்பது எப்போதும் நன்மைதான் என்று எண்ணுவோர் அந்தப் பாறைகளை ஒரு முறை வந்து பார்க்கலாம்.

தரவரிசைப் பட்டியல்களுக்கோ ஆயுள் குறைவு. டெக்னோரட்டி வலைப்பதிவுகளை வரிசைப்படுத்துவதை 2014-இல் நிறுத்திக்கொண்டது. ‘கூகுள் ரீடர்’ 2013 ஜூலையில் மூடப்பட்டது. உலகத் தளங்களையெல்லாம் தரவரிசைப்படுத்திய அலெக்சா 2022 மே முதல் தேதியோடு மறைந்தது. அவற்றில் முதலிடம் பெறுவதற்காகப் பட்ட பாடெல்லாம் அவற்றோடு போயிற்று. எழுதிய பதிவுகளோ பல இன்றும் திறக்கின்றன. எவரோ ஒருவர் தேடுபொறியில் நாலு சொற்களை இட்டு அவற்றை வந்தடைகிறார்.

அப்படி வந்தடைகிற வாசகர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். படித்ததில் பயனுள்ள பதிவு ஒன்றைக் கண்டால், அதன் சாரத்தை மட்டும் எடுத்துக் குழுவில் போட்டுவிடாமல், எழுதியவரின் பெயரையும் பக்கத்தின் சுட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். முன்னே நான் சொன்ன கற்பனைப் பட்டியலில், முதலிடத்தில் இருப்பவருக்கு ஐந்து வாசகர் கூடினால் அது அவருடைய கூட்டத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான். நூறாவது இடத்தில் இருப்பவருக்கு அதே ஐந்து பேர் வந்தால் இருக்கிற வாசகர் தொகையில் பாதி ஒரே நாளில் கூடிவிடுகிறது.